ஆட்டம் நடத்துபவர் வேறு. தீர்ப்புச் சொல்பவர் வேறு

விளையாட்டு உடலுக்கு உரமும் உள்ளத்திற்கு உவகையும் ஊட்டுவது. வெற்றியையும் தோல்வியையும் ஒன்றாக ஏற்கும் பண்பை அது கற்றுத் தருகிறது என்பர் பெரியோர். ஆனால் தோற்றவர் மனமார ஏற்க வேண்டுமானால், தீர்ப்பு நேர்மையானது என்ற நம்பிக்கை வேண்டும் அல்லவா? அந்த நம்பிக்கை எப்படிப் பிறக்கிறது என்று காண்போம்.

லீக் போட்டியில் இருவகைப் பணிகள் உண்டு. அணிகளைச் சேர்ப்பது, அட்டவணை வகுப்பது, பணம் திரட்டுவது, பரிசளிப்பது ஆகியவை நிர்வாகத்தின் பணிகள். களத்தில் விதியைக் காப்பது நடுவரின் பணி. முன்னதற்கு ஆர்வம் வேண்டும். பின்னதற்குப் பற்றின்மை வேண்டும். நம் பள்ளி விளையாட்டு விழாவில் சிவப்பு அணியின் தலைவியே முடிவுக் கோட்டில் நின்று முதலிடம் யாருக்கு என்று சொன்னால் நீல அணியினர் ஒப்புவரா? அவள் உண்மையே சொன்னாலும் ஐயம் தீராது.

முற்காலத்தில் டெஸ்ட் கிரிக்கெட்டில் போட்டி நடக்கும் நாட்டினரே நடுவராக நின்றனர். 1986-இல் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடியபோது இந்தியர் இருவர் நடுவராக அழைக்கப்பட்டனர். 2002-இல் இரு நடுவர்களும் பொது நாட்டினராக இருக்கும் முறை வந்தது. அதற்கென அமைந்த முதல் குழுவில் நம் சென்னை வெங்கட்ராகவனும் இடம்பெற்றார்.

இம்முறை தவறினால் என்ன நேரும்? இத்தாலியில் கால்பந்துக் கழக நிர்வாகிகள், நடுவர்களை நியமிப்பவர்களோடு இரகசியத் தொடர்பு வைத்திருந்தது 2006-இல் வெளிப்பட்டது. புகழ்பெற்ற யுவெண்டஸ் கழகம் பட்டத்தை இழந்து இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது.

நம் மாநிலத்திற்கும் இப்பாடம் கிடைத்தது. 2008-இல் ஐ.பி.எல். லீக்கின் சென்னை அணியை இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் வாங்கியது. அதன் நிர்வாக இயக்குநர் என். சீனிவாசன் 2011-இல் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவரானார். லீக்கை நடத்துவதும் நடுவர்களை நியமிப்பதும் அவ்வாரியமே. வாரிய நிர்வாகிகளுக்குப் போட்டிகளில் வணிக ஆதாயம் கூடாது என்ற விதி, ஐ.பி.எல்.லுக்குப் பொருந்தாதபடி 2008-இல் திருத்தப்பட்டிருந்தது. 2013-இல் சூதாட்டப் புகார் எழுந்தது. புகாரை விசாரிக்க வேண்டிய வாரியத்தின் தலைவரே, புகாருக்கு ஆளான அணியை உடைய நிறுவனத்திற்கும் தலைவர்! 2015 ஜனவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் அத்திருத்தம் செல்லாது என்றது. சீனிவாசன் குற்றத்தை மறைக்க முயன்றார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் அதே தீர்ப்பு கூறியது. ஆயினும் ஒருவரே இரு நாற்காலிகளில் அமர்வது தகாது என்பதே அதன் சாரம். பின்னர், அணியைச் சேர்ந்த ஒருவர் பந்தயம் கட்டியதற்காகச் சென்னை அணி இரண்டாண்டுகள் விலக்கப்பட்டது. ஒரு பாவமும் அறியாத ஆட்டக்காரர்களும் அதனால் வேறு அணிகளைத் தேட நேர்ந்தது.

மதுரைக்கு இது புதிய பாடமன்று. சிலப்பதிகாரத்தில் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே சாட்சி. சிலம்பைப் பறிகொடுத்த அரசியின் கணவனே நீதிபதி. பாண்டியன் தீயவன் அல்லன். ஆயினும் ஆராயாத தீர்ப்பால் கோவலன் உயிரிழந்தான்.

நம் சுற்று வட்டார ஊர்களில் கபடிப் போட்டி நடத்தும் கமிட்டியாரே ஓர் அணியையும் இறக்கி, விசிலையும் தாமே ஊதுவதுண்டு. தீர்ப்பில் சண்டை மூண்டு ஆட்டம் பாதியில் நிற்பதும் உண்டு. இதைத் தவிர்க்க வழிகள் எளியவை. நடுவரை வேற்றூரிலிருந்து அழைக்கலாம். அவருக்குரிய ஊதியத்தை ஆட்டத்திற்கு முன்பே கொடுத்துவிடலாம். முறையீட்டைக் கேட்க, எந்த அணியையும் சேராத மூவரை அமர்த்தலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை, மனம்தான் வேண்டும்.

நாளை நம்மில் சிலர் போட்டிகளை நடத்துவோம். சிலர் விசில் ஏந்துவோம். இரண்டையும் ஒரே கையில் பிடிக்காதிருப்போமாக! அப்போது தோற்றவரும் வென்றவரின் கையை மகிழ்வோடு குலுக்குவர்.