மறைந்த பட்டதாரிகளை நினைவில் வைத்தல்

கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையோர ஊர்களில் ஒருவர் மறைந்தால், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் கேட்டதும் ஊரே திரண்டு வந்து தொழுது துஆச் செய்கிறது. ஆயினும், அவர் எங்கே கற்றார், கற்றதை யாருக்குப் பயன்படுத்தினார் என்ற விவரம் எழுதி வைக்கப்படாவிட்டால், அது ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிடுகிறது.

எழுதி வைப்பதன் பயனுக்கு, பதிவாகி நிலைத்த ஏ. எம். ஏ. அஸீஸின் வாழ்வு சிறந்த சான்றாகும். யாழ்ப்பாணத்தில் 1911இல் பிறந்து, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கற்று, இலங்கை சிவில் சேவையில் (நாட்டின் உயர் நிர்வாகப் பணியில்) சேர்ந்த முதல் முஸ்லிமான அவர், உலகப்போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டின்போது 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்து, நெற்செய்கையைப் பெருக்கும் பணியை முன்னெடுத்தார். அங்கு கண்ட கல்விப் பின்னடைவு அவர் மனத்தைத் தைத்ததால், வறிய மாணவர் உயர்கல்வி பெற உதவும் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை 1945இல் தொடங்குவதில் முன்னின்றார். 1973இல் காலமான அவருக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980இல் கலாநிதிப் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. அவர் பெயரால் நினைவுப் பேருரைகளும், அதாவது மறைந்தவரின் பணியை முன்னிட்டு அறிஞர் ஒருவர் நிகழ்த்தும் ஆய்வுரைகளும், நடைபெற்றுள்ளன.

1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு ஆண்டே முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த, அதே கரையோரத்தில் ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் முதல் அணி மாணவர்கள் இன்று நடுவயதைக் கடந்துகொண்டிருப்பதால், பழைய மாணவர் சங்கங்கள் மறைந்த ஒவ்வொருவரின் படிப்பையும் பணியையும் குடும்பத்தாரிடம் கேட்டுப் பதிந்து, நூலகத்தில் சேர்ப்பது காலத்தாற் செய்ய வேண்டிய கடமையாகும்.