மலேரியா மருந்து: ஒளியால் உருவான மூலக்கூறு, விலையால் நின்ற ஆலை

புது தில்லி: மருந்து மூலப்பொருள்களுக்கு வெளிநாடுகளை நம்பியிருக்கும் நிலையைக் குறைக்க, 2020 மார்ச் மாதம் ரூ. 6,940 கோடி மதிப்பிலான உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அத்திட்டத்தில் இடம்பெற்ற 41 பொருள்களில் ஒன்று ஆர்ட்டிசுனேட். கடும் மலேரியாவால் பாதிக்கப்பட்டவர்களின் உயிரைக் காக்கும் ஊசி மருந்து அது.

அம்மருந்தின் தாய்ப்பொருளான ஆர்ட்டிமிசினின் இன்றும் பெரும்பாலும் ஒரு செடியின் இலையிலிருந்தே எடுக்கப்படுகிறது. அதை ஆலையில் உருவாக்கும் வழி கண்டறியப்பட்டு, நடைமுறைக்கும் வந்து, பின்னர் நின்றுபோனது. இந்தியக் கொள்கை வகுப்பாளர்களுக்கு அதில் பாடம் உண்டு.

ஏறி இறங்கும் விலை: "ஆர்டிமிசியா ஆனுவா" என்ற செடியிலிருந்து இச்சேர்மம் பிரிக்கப்பட 1970-களில் வழிவகுத்த சீன விஞ்ஞானி டூ யூயூ, 2015-ல் நோபல் பரிசு பெற்றார். உலர்ந்த இலையில் இதன் அளவு ஏறத்தாழ 1 சதவீதமே. விலை ஏறும் ஆண்டில் விவசாயிகள் திரண்டு பயிரிடுகின்றனர். அடுத்த ஆண்டில் விலை சரிகிறது. அதன் பின் தட்டுப்பாடு. 2000-களின் மத்தியில் கிலோ 1,000 டாலரைத் தாண்டிய விலை, சில ஆண்டுகளிலேயே 200 டாலருக்கும் கீழே இறங்கியது.

வளையத்தின் நுட்பம்: 15 கார்பன் அணுக்களைக் கொண்ட இம்மூலக்கூறில் பல வளையங்கள் ஒன்றோடொன்று பின்னியுள்ளன. அவற்றில் ஒன்றில் இரு ஆக்சிஜன் அணுக்கள் நேரடியாக இணைந்து பாலம்போல் நிற்கின்றன. ஒட்டுண்ணியின் உடலிலுள்ள இரும்பு பட்டதும் அப்பாலம் உடைந்து ஒட்டுண்ணியைக் கொல்கிறது. பாலம் இல்லையேல் மருந்தும் இல்லை.

இதன் முன்னோடியான ஆர்ட்டிமிசினிக் அமிலத்தை ஈஸ்ட் கிருமி மூலம் பெற முடியும் என்பதை கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் நிரூபித்தனர். அந்த அமிலத்தில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. ஒன்றில் மட்டும், அதுவும் ஒரே பக்கத்திலிருந்து, ஹைட்ரஜன் சேர வேண்டும். இத்தேர்வைச் செய்வது ருதீனிய வினையூக்கி.

அடுத்தது ஒளியின் வேலை. விளக்கொளியை உறிஞ்சும் சாயப்பொருள், அந்த ஆற்றலை ஆக்சிஜனுக்கு அளிக்கிறது. வீரியம் பெற்ற ஆக்சிஜன், எஞ்சிய இரட்டைப் பிணைப்பில் சேர்கிறது. பின்னர் அமிலத்தின் உதவியுடன் மேலும் ஆக்சிஜன் சேர்ந்து வளையங்கள் மூடிக்கொள்கின்றன. இலையில் வெயில் செய்வதும் ஏறத்தாழ இதே வேலைதான் என்று கருதப்படுகிறது.

நின்றுபோன உற்பத்தி: இம்முறையில் சனோஃபி நிறுவனம் இத்தாலியின் கரேசியோவில் 2013-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆண்டுக்கு 60 டன் வரை தயாரிக்கும் திறன் அதற்கு இருந்தது. லாபமின்றி விற்றாலும் கிலோவுக்கு 350 முதல் 400 டாலர் தேவைப்பட்டது. ஆனால் செடியிலிருந்து கிடைத்த சரக்கோ 250 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. 2015-ல் உற்பத்தியே இல்லை. பின்னர் ஆலை கைமாறியது. தோற்றது வேதியியல் அல்ல, சந்தைக் கணக்கு.

பெரிய கொள்கலனில் ஒளி ஆழமாக ஊடுருவாது. இதற்குத் தீர்வாக, விளக்கைச் சுற்றிய மெல்லிய குழாயில் கரைசலை ஓடவிடும் முறையை ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் கழக ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்டனர். சிறிய அமைப்பிலும் தொடர் உற்பத்தி செய்யலாம் என்பது இதன் சிறப்பு.

இந்தியாவின் நிலை: இத்துறை இந்தியாவுக்குப் புதிதல்ல. லக்னௌவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையமும் மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனமும் இணைந்து உருவாக்கிய "ஆர்ட்டீதர்" ஊசி மருந்து 1990-களிலேயே பயன்பாட்டுக்கு வந்தது. 2030-க்குள் மலேரியாவை ஒழிப்பது தேசிய இலக்கு. ஒடிஸா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் மாநிலங்களின் வனப்பகுதி மக்களுக்கு இம்மருந்து தடையின்றிக் கிடைப்பது அதற்கு இன்றியமையாதது.

வேதிமுறையில் தயாராகும் பொருள்களுக்கு விற்பனையில் 10 சதவீதம் ஊக்கத்தொகை என்கிறது 2020-ம் ஆண்டுத் திட்டம். இலை மலிவாகக் கிடைக்கும் ஆண்டில் ஆலைச் சரக்கு விற்காது. விற்காத சரக்குக்கு ஊக்கத்தொகையும் இல்லை. விளைச்சல் பொய்க்கும் ஆண்டுக்காக ஓர் ஆலையைத் தயார் நிலையில் வைத்திருப்பது லாபம் தரும் தொழில் அல்ல. உணவு தானியத்துக்குக் கையிருப்பு வைக்கும் அரசு, உயிர் காக்கும் மருந்துக்கும் அப்பொறுப்பை ஏற்குமா என்பதே நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட வேண்டிய கேள்வி.