ஆமைத் தொட்டியும் அடுக்களைத் தொட்டியும்

உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூருக்கு ஏறும் சாலையை ஒட்டிய சின்னார் வனவிலங்கு சரணாலயம், இடுக்கி மாவட்டத்தின் மழை மறைவுப் பகுதியில் முட்புதர்க் காடாகப் பரந்திருப்பதால், கேரளத்தில் நட்சத்திர ஆமைகள் இயற்கையாக வாழும் அரிய இடங்களுள் ஒன்றாக விளங்குகிறது. கடத்தல்காரர்களிடமிருந்து பறிமுதலான ஆமைகளுக்கு இங்கு மறுவாழ்வு அளிக்கப்படும்போது, அவை நேரே காட்டுக்குள் விடப்படாமல் முதலில் தனிமைப்படுத்திக் கண்காணிக்கப்படுகின்றன. பல கைகள் மாறி, நெரிசலான பெட்டிகளில் அடைபட்டு வந்த விலங்கு எந்தக் கிருமியைச் சுமந்து வந்திருக்கிறது என்பதைப் பார்த்தவுடன் சொல்ல இயலாது. காட்டை முன்னிட்டு எடுக்கப்படும் இந்த எச்சரிக்கை, வீட்டுக்கு ஆமை வாங்குவோரிடம் பெரும்பாலும் காணப்படுவதில்லை.

ஊர்வனவற்றிடமிருந்து மனிதருக்குப் பரவும் பாக்டீரியாக்களில் முதன்மையானது சால்மொனெல்லா. 2,500க்கும் மேற்பட்ட வகைகளைக் கொண்ட இக்கிருமி, ஆமை, பல்லி, பாம்பு ஆகியவற்றின் குடலில் அவற்றுக்குத் தீங்கேதும் செய்யாமல் தங்கியிருந்து, எச்சத்தோடு விட்டுவிட்டு வெளியேறுகிறது. ஆகவே ஆமை துடிப்பாக நீந்துவதோ, ஒருமுறை செய்த பரிசோதனையில் கிருமி தென்படாமல் போவதோ அது கிருமியற்றது என்பதற்குச் சான்றாகாது.

ஊர்வன என்றதும் மக்கள் அஞ்சுவது கடியை. ஆனால் இந்நோய் பரவக் கடி தேவையில்லை, விலங்கைத் தொடவேண்டும் என்பதுகூட இல்லை. 1996ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்வர் விலங்குக் காட்சிசாலையில் கொமோடோ டிராகன் என்னும் பெரும்பல்லியைக் காணச் சென்றவர்களில் 65 பேர், பெரும்பாலும் சிறுவர்கள், சால்மொனெல்லா தொற்றுக்கு ஆளாயினர். நோயுற்ற சிறுவர்களில் எவரும் பல்லியைத் தொட்டதாகக் கூறவில்லை. பல்லியின் முன்கால்கள் பதிந்த மரத்தடுப்பில் கைவைத்திருந்தவர்களே அவர்களில் மிகப் பலர். பார்த்தபின் கைகழுவியவர்களுக்குத் தொற்று குறைவாக இருந்ததையும் ஆய்வு காட்டியது. வீட்டில் அந்த மரத்தடுப்பின் இடத்தில் இருப்பது ஆமைத் தொட்டியின் தண்ணீர்: அதை அடுக்களைத் தொட்டியில் கொட்டிக் கழுவும்போது, காய்கறி அலசும் இடத்துக்கே கிருமி வந்துசேர்கிறது.

அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் சால்மொனெல்லா நோயாளிகளில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்கு வளர்ப்பு ஆமைகளே காரணம் என மதிப்பிடப்பட்டதால், ஓட்டின் நீளம் 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளின் விற்பனை 1975இல் தடைசெய்யப்பட்டது. சிறு குழந்தை வாயில் வைக்கக்கூடிய அளவு அதுதான். பண்ணைகளில் முட்டைகளை ஜென்டாமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியில் நனைத்துப் பார்த்ததன் விளைவு, அம்மருந்துக்கு அடங்காத சால்மொனெல்லாவும் தோன்றியதே.

அதே அமெரிக்கச் சிற்றாமையான சிவப்புக் காது ஆமைதான் இந்தியாவின் மீன்தொட்டிக் கடைகளிலும் விலைபோயிற்று. நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அயல்நாட்டு ஆமைக்கு அந்தத் தடை இல்லாதது வணிகத்துக்கு வசதியாயிற்று. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற பழமொழியை வழங்கும் மக்களே, ஆமை செல்வம் தரும் என்று நம்பி அதை வாங்கிவைப்பது வேடிக்கைதான். உள்ளங்கையில் அடங்கிய குஞ்சு ஓர் அடி வரை வளர்ந்து சலிப்பூட்டும்போது, அது குளத்திலோ வாய்க்காலிலோ விடப்படுகிறது. 2018இல் பாலக்காட்டை அடுத்த திருச்சூர் மாவட்டத்தின் காளத்தோட்டில் இவ்வகை ஆமை கண்டறியப்பட்டபின், பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இவற்றை மக்களிடமிருந்து பெற்றுக்கொள்ளும் முயற்சியில் இறங்கியது. பாரதப்புழையிலும் அதன் கிளையாறுகளிலும் ஆமையை விடுவதைவிட அங்கு ஒப்படைப்பதே முறை.

தொற்று ஏற்பட்டால் 6 மணி நேரம் முதல் 6 நாள்களுக்குள் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் தொடங்கி, பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுகின்றனர். ஆனால் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளிலும் முதியோரிலும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோரிலும் கிருமி குருதியில் கலந்து, சிலவேளை மூளைச்சவ்வு வரை எட்டுகிறது. வயிற்றுப்போக்கு என்றதும் வெளிச் சாப்பாட்டைப் பற்றியே மருத்துவர் முதலில் கேட்பார் என்பதால், வீட்டில் ஆமை வளர்வதைப் பெற்றோர் தாமாகவே சொல்லிவிடுவது நல்லது. மலத்தைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவதா என்று முடிவுசெய்ய அத்தகவல் அவருக்குத் தேவைப்படும்.