மலை இறங்கும் ஜீப்

போடிநாயக்கனூரில் விடியற்காலையில் ஜீப்புகள் புறப்படுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஏலக்காய்த் தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள் தூக்குச்சட்டியுடன் நெருங்கி அமர்ந்திருப்பார்கள். முந்தலைத் தாண்டியதும் மலை தொடங்கிவிடும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு. காலையில் ஏறிய உயரம் முழுவதையும் மாலையில் இறங்கியாக வேண்டும்.

ஏறுவதுதான் கடினம், இறங்குவது சுலபம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் பிரேக்குக்கு இறக்கமே சோதனை. ஒரு சிறு கணக்குப் போடுவோமா?

ஆட்களோடு சேர்த்து ஜீப்பின் நிறை 2,000 கிலோகிராம் என்று கொள்வோம். போடிக்கும் போடிமெட்டுக்கும் உள்ள உயர வேறுபாடு சுமார் 1,000 மீட்டர். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்குங்கள். நிலையாற்றல் ஏறத்தாழ 2 கோடி ஜூல்! ஆற்றல் அழிவதில்லை அல்லவா? வேகம் கூடாமல் இறங்கினால் அது வெப்பமாகத்தான் மாற வேண்டும். ஏறத்தாழ 65 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த வெப்பம் போதும். டயர்களும் காற்றும் ஒரு பங்கை ஏற்கும். மீதியைப் பிரேக் மட்டுமே தாங்கினால் என்ன ஆகும்?

வெப்பம் பிரேக் திரவத்தை எட்டும். இதை எல்லோரும் 'பிரேக் ஆயில்' என்கிறோம். பெரும்பாலான வண்டிகளில் இது எண்ணெயே அல்ல, கிளைக்கால் வகைத் திரவம். மழைக்காலத்து உப்பைப் போல ஈரத்தை இழுக்கும் குணம் இதற்கு உண்டு. 'டாட் 3' வகைப் புதுத் திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205° செல்சியஸ் இருக்க வேண்டும். 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் அது 140° வரை இறங்கிவிடலாம். பழைய திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றும்.

குமிழி என்ன செய்துவிடும்? ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றில் நீரை நிரப்பி, நுனியை விரலால் அடைத்து அழுத்துங்கள். தண்டு அசையாது. சிறிது காற்றை உள்ளே விட்டு மீண்டும் அழுத்துங்கள். தண்டு உள்ளே போகும்! திரவம் அழுத்தத்தைக் கடத்துகிறது. வாயுவோ தானே சுருங்கிவிடுகிறது. பிரேக் மிதியும் அப்படித்தான் 'பொசுக்'கென்று அமுங்கும், வண்டி நிற்காது.

ஒருமுறை நான் வந்த ஜீப்பில் இப்படி நேர்ந்தது. ஓட்டுநர் பதறவில்லை. கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினார். அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகு மிதி மீண்டும் இறுகியது. ஆனாலும் அவர் அதை நம்பவில்லை. எங்களை வேறு வண்டியில் அனுப்பிவிட்டு மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பினார்.

தப்பும் வழி எளிது. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக் கட்டைகளும் நெடுநாள் உழைக்கும். எரிபொருளை மிச்சப்படுத்த நினைத்து நியூட்ரலில் இறங்குவது ஆபத்து. பிரேக் திரவத்தைப் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். திறந்தே கிடந்த டப்பாவிலிருந்து ஊற்றக் கூடாது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ வண்டி ஓட்டுபவர் இருக்கிறாரா? "அண்ணே, பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள்?" என்று இன்றே கேளுங்கள். அவருக்கு நினைவில்லை என்றால், மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள்!