கடற்பாசி மேயும் ஆடுகளின் தீவு

ஸ்கொட்லாந்தின் வடமுனைக்கு அப்பால், அத்திலாந்திக் சமுத்திரமும் வடகடலும் ஒன்றோடொன்று கலக்கும் இடத்திலே, ஓர்க்னி என்னும் தீவுக் கூட்டம் கிடக்கின்றது. எழுபது வரையிலான அத்தீவுகளுள் ஏறக்குறைய இருபதிலே மாத்திரம் மக்கள் வாழ்கின்றனர். அவ்விருபதுள்ளும் வடகோடியிலே தனித்துக் கிடப்பது வட ரொனால்ட்சே. அதன் நீளம் மூன்று மைல் அளவினது. ஒரு முனையிற் புறப்பட்டவர் ஒரு மணி நேரத்தில் நடந்தே மறுமுனையை அடைந்துவிடலாம். மலை என்று சொல்ல ஒன்றுமில்லை, மரங்களும் அரிது. நாற்புறமும் காற்றும் கடலுமே.

இத்தீவுக்குச் செல்ல விரும்புவோர் முதலில் ஓர்க்னியின் தலைப்பட்டினமாகிய கேர்க்வோலுக்குச் செல்ல வேண்டும். அங்கிருந்து எண்மர் அமரக்கூடிய சிறிய விமானம் ஒன்று இருபது நிமிட அளவில் கொண்டு சேர்க்கும். கப்பலும் உண்டு, ஆனால் அது நாள்தோறும் வருவதன்று. புயலடிக்கும் நாட்களில் விமானமும் வராது, கப்பலும் வராது. இத்தகைய ஓரிடத்திலே பசியோடு வந்து இறங்குபவருக்கு உணவு எங்கே கிடைக்கும்?

விடை மிகச் சுருக்கமானது. தெற்கே பறவை ஆய்வு நிலையம், வடக்கே வெளிச்சவீடு. வெளியூரார் உட்கார்ந்து உண்ணத்தக்க இடங்கள் இவ்விரண்டுமே எனலாம்.

பறவை ஆய்வு நிலையம் 1987 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஸ்கண்டிநேவியாவுக்கும் தென்னாடுகளுக்கும் இடையே பறந்து திரியும் பறவைகள் இளைப்பாறும் இடமாக இத்தீவு அமைந்திருப்பதால், அவற்றைக் கணக்கெடுப்போர் தங்குவதற்கு அங்கே விருந்தினர் விடுதியும் உணவுக்கூடமும் அமைந்தன. நிலையத்துக்குச் சொந்தமாக ஆடுகளும் உள. பகல் முழுவதும் பறவைகளின் பின்னே அலைந்தவர்களுக்கு இரவிலே பரிமாறப்படுவது பெரும்பாலும் அத்தீவின் ஆட்டிறைச்சியே. வடக்கேயுள்ள வெளிச்சவீடோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அலன் ஸ்டீவன்சன் என்னும் பொறியியலாளர் அமைத்தது; உயரம் 42 மீற்றர். தரையின் மேல் நிற்கும் வெளிச்சவீடுகளுள் பிரித்தானியாவிலேயே மிக உயர்ந்தது இதுவென்பர். 1998 ஆம் ஆண்டில் விளக்கு தானாக இயங்கத் தொடங்கியபின் காவலர்களுக்கு அங்கே வேலை இல்லாது போயிற்று. அவர்கள் வாழ்ந்த கட்டிடங்களிலே பின்னர் ஒரு சிற்றுண்டிச்சாலையும், தீவின் ஆட்டு மயிரை நூலாக்கும் சிறு ஆலையும் இடம்பெற்றன.

இவ்விடங்களில் உண்ணும் இறைச்சிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. உலகத்தின் மற்றை ஆடுகளெல்லாம் புல்லை மேய, இத்தீவின் செம்மறிகள் ஆண்டின் பெரும்பகுதியில் கடற்பாசியையே தின்று வாழ்கின்றன. நம் கடற்கரைகளில் சாதாளை ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒதுங்குவது அதனினும் தடித்த, தோல்வார் போன்ற நீண்ட பழுப்புநிறப் பாசி. வழுக்கும் பாறைகளிலே காலூன்றி நின்று, அலை பின்வாங்கும் நேரம் பார்த்து அவை அதனைக் கடித்து இழுக்கும் என்பர். இறைச்சி கருஞ்சிவப்பு நிறமுடையது, கொழுப்புக் குறைந்தது, வேட்டை இறைச்சியை நினைவூட்டும் கனத்த சுவையுடையது. மெல்லிய நெருப்பிலே நெடுநேரம் வேகவிட வேண்டும். நான் மரக்கறி உண்பவன் ஆகையால் இதன் சுவைக்குச் சாட்சி கூற இயலாதவன். உண்டவர்கள் ஒருமுகமாகச் சொல்வதையே எழுதுகின்றேன்.

இறைச்சியோடு சேர்த்து உண்பது கிளாப்ஷொட் என்னும் ஓர்க்னிப் பண்டம். உருளைக்கிழங்கையும், மஞ்சள் நிறச் சதையுள்ள டேர்னிப் வகைக் கிழங்கையும் ஒன்றாக அவித்து, வெண்ணெயும் மிளகும் இட்டு மசித்து எடுப்பர். என்னைப் போன்றோருக்கு இதுவும், ‘பேர்’ என்னும் பழைய வாற்கோதுமை மாவினால் ஆகிய பனொக் என்னும் தட்டை அப்பமுமே கதி. கதியென்று சொன்னேனே ஒழிய, குறைவாகச் சொல்லவில்லை. பேர் வாற்கோதுமை பிரித்தானியத் தீவுகளில் இன்றும் விளையும் மிகப் பழைய தானியங்களுள் ஒன்று. வடபுலத்துக் கோடையிலே பகல் மிக நீளம், பருவமோ மிகக் குறுக்கம்; அந்தக் குறுகிய காலத்துக்குள்ளேயே முற்றிவிடும் இயல்பு இதற்கு உண்டு. விளைவு குறைவென்று பலர் கைவிட்டபோதும் ஓர்க்னியர் முற்றாகக் கைவிட்டாரல்லர். பெருந்தீவில் பேர்சே என்னும் ஊரிலே 1873 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட நீராலை இதனை அரைத்து வருகின்றது. தோசைக்கல் போன்ற இரும்புத் தட்டிலே சுட்ட பனொக்கை வெண்ணெயும் ஓர்க்னிப் பாற்கட்டியும் வைத்து உண்பர். மண்வாசனை கலந்த சற்றே கைப்பான சுவை அதற்கு.

ஆடுகள் கடற்கரைக்கு எப்படி வந்தன? அவை விரும்பி வந்தனவல்ல. பதினெட்டாம் நூற்றாண்டு தொட்டு ஓர்க்னியிலே கடற்பாசியை எரித்துச் சாம்பலாக்கி, கண்ணாடி செய்வதற்கும் சவர்க்காரம் செய்வதற்கும் விற்று வந்தனர். 1830 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவ்வியாபாரம் வீழ்ந்தது. இனிப் பயிரும் மாடுமே வருவாய் தரும் என்றாயிற்று. அவற்றுக்குரிய நிலத்தை ஆடுகள் அழித்துவிடாதபடி 1832 ஆம் ஆண்டில் தீவைச் சுற்றிக் கல்மதில் ஒன்று எழுப்பப்பட்டது. சாந்து பூசாது, கல்லின் மேற் கல்லை அடுக்கி அமைத்த மதில். உயரம் ஆள் அளவு. சுற்றளவு ஏறக்குறைய 13 மைல். பிற இடங்களிலே ஆட்டை உள்ளே காப்பதற்கு வேலி இடுவர். இங்கே ஆட்டை வெளியே நிறுத்துவதற்கு மதில் இட்டனர். மதிலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பாறையும் மணலுமே அன்று முதல் ஆடுகளின் உலகம். குட்டியீனும் பருவத்தில் மாத்திரம் தாய் ஆடுகளை உள்ளே கொண்டுவந்து சில மாதம் புல் மேயவிடுவர்.

பாசி உண்ணும் வழக்கம் மதிலோடு பிறந்ததென்றும் கூறுவதற்கில்லை. அயலிலுள்ள பாப்பா வெஸ்ட்ரேயை ஒட்டிய சிறு தீவொன்றிலே, ஏறக்குறைய 5000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆட்டுப் பற்கள் தோண்டி எடுக்கப்பட்டன. அவற்றை ஆராய்ந்தவர்கள் அவ்வாடுகளும் கடற்பாசி தின்றமைக்குச் சான்று கண்டனர்.

விஞ்ஞானம் பயிலும் மாணவர் இந்த ஆடுகளைப் பற்றி இரண்டு செய்திகளை அறிந்துகொள்வது நன்று. முதலாவது, இவற்றுக்குப் பொழுதை அளப்பது சூரியனன்று, சந்திரனே. மற்றை ஆடுகள் பகலில் மேய்ந்து இரவில் இரைமீட்கும். இவையோ கடல் வற்றும்போது மேய்ந்து, பெருக்கின்போது மேட்டிலே படுத்து இரைமீட்கின்றன. வற்றுப் பெருக்கு நாள்தோறும் நேரம் பிந்துவதால் இவற்றின் உணவு வேளையும் பிந்துகின்றது. மாரிப் புயல்கள் பாசியைக் குவியல் குவியலாகக் கரையில் ஒதுக்குவதால், பிற ஆடுகள் மெலியும் மாரிகாலத்திலேதான் இவை கொழுக்கின்றன. இரண்டாவது செய்தி செம்பு பற்றியது. பாசியிலிருந்து செம்புச் சத்து உடலுக்கு மிகச் சிறிதளவே கிடைக்கும். ஆகவே கிடைப்பதை முற்றாக உறிஞ்சிக்கொள்ளும் ஆற்றல் இவ்வினத்துக்கு வாய்த்துவிட்டது. அவ்வாற்றலே இவற்றுக்கு ஆபத்தாகவும் முடிகின்றது. பிற ஆடுகள் மேயும் நல்ல புல்வெளியிலே நெடுங்காலம் விடப்பட்டால், செம்பு உடலில் மிகுந்து நஞ்சாகி இவை இறக்கவும் கூடும். மதில் ஓரிடத்தில் இடிந்து ஆடுகள் உட்புகுந்தால் கெடுவது பயிர் மாத்திரம் அன்று.

மதிலோ ஆண்டுதோறும் இடிகின்றது. சாந்தில்லாத கல்லை மாரிக்கடல் எளிதாகப் புரட்டிவிடும். ஒரே இரவில் பல நூறு யார் நீளம் சரிந்துவிடுவதும் உண்டு. முன்னாளில் இது பெரிய காரியமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தீவில் ஐந்நூறு பேருக்கு மேல் வாழ்ந்தனர். ஒவ்வொரு குடும்பமும் தன் பங்கு மதிலைத் தானே பேணிற்று. யார் எத்தனை ஆடு வைத்திருக்கலாம் என்பதையும், மதில் வேலையையும் ஒழுங்கு செய்ய 1839 இலேயே ‘ஆட்டு மன்று’ என்னும் சபை ஒன்றை ஏற்படுத்திக்கொண்டனர். ஆடுகளைக் கூட்டுவதும் ஊர் கூடிச் செய்யும் வேலையே. பெருக்கு நேரத்திலே எல்லோரும் வரிசையாக நின்று கரையோரமாக ஓட்டிவந்து, கல்லால் அமைந்த பட்டிகளில் அடைத்து மயிர் கத்தரிப்பர். ஆளுக்கொரு மந்தை எனப் பிரித்து மேய்க்க அக்கரையிலே இடமில்லை. கூடிச் செய்யாவிடில் நடவாது.

2011 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பிலே அத்தீவில் இருந்தோர் 72 பேர். அவர்களுள் முதியோர் பலர். ஆடுகளோ இரண்டாயிரம் அளவின. 13 மைல் மதிலை எழுபது பேர் எவ்வாறு காப்பது? 1999 இல் அம்மதில் பாதுகாக்கப்பட்ட சின்னங்களுள் முதல் வகுப்பில் இடம்பெற்றது. பட்டம் கிடைத்தது, கல் தூக்கக் கை கிடைக்கவில்லை. 2016 தொடக்கம் கோடையிலே ‘ஆட்டு விழா’ என்று ஒன்றை நடத்தி, வெளியூர்த் தொண்டர்களை அழைத்து மதில் கட்டுவிக்கின்றனர். 2019 இல் மதிலைப் பேணுவதையே தொழிலாகக் கொண்ட காவலர் வேண்டுமென விளம்பரம் செய்தபோது, அச்செய்தி பல நாட்டுப் பத்திரிகைகளிலும் வெளிவந்தது. வேடிக்கையான உத்தியோகம் என்று எழுதினார்கள் சிலர். ஆட்டுக்குரியவர்களுக்கு அது வேடிக்கையன்று.

இனத்துக்கு வரக்கூடிய அழிவை எண்ணி 1974 இலேயே அருகிய கால்நடை இனங்களைப் பேணும் பிரித்தானிய அமைப்பொன்று லிங்கா ஹோம் என்னும் வேறு தீவை வாங்கி, அங்கே ஒரு மந்தையைக் கொண்டு சென்று விட்டது. எண்ணெய்க் கப்பல் ஒன்று உடைந்து வட ரொனால்ட்சேயின் கரை கறுத்துப் போனால் முழு இனமும் அழியுமே என்பது அவர்களுடைய அச்சம். அந்த ஆபத்து இதுவரை வரவில்லை. வந்தது வேறொன்று. 2018 இல் கேர்க்வோலில் இருந்த கொல்களம் மூடப்பட்டது. இறைச்சியை வெளியே விற்பதற்கு ஆடுகளை உயிரோடு கடல் கடந்து பெருநிலத்துக்கு அனுப்ப வேண்டிய நிலை ஏற்பட்டது. சிறிய ஆடு, எடை குறைவு, வழிச்செலவோ பெரிது. பெருநகர விடுதிகளில் உயர்ந்த விலைக்கு விற்கக்கூடிய இறைச்சி என்ற பெயர் இருந்தும், வளர்த்தவன் கையில் மிஞ்சுவது சொற்பம். அத்தீவுக்கே சென்று அங்கேயே உண்பதுதான் வளர்த்தவனுக்கு உண்மையில் உதவும் வழி என்று நான் கருதுகின்றேன்.

செல்ல எண்ணுவோர் ஆட்டு விழா நடைபெறும் யூலை, ஓகஸ்டு மாதங்களைத் தெரிந்துகொள்ளலாம். விமானத்தில் இடம் எட்டே ஆகையால் முற்கூட்டியே பதிவு செய்தல் அவசியம், தங்குமிடத்துக்கும் அவ்வாறே. மரக்கறி உண்போர் தம் வழக்கத்தை முன்னரே எழுதி அறிவித்தல் நன்று. காற்றைத் தாங்கும் மேலங்கியும் தடித்த கையுறையும் எடுத்துச் செல்க. பகலில் மதிலண்டை நின்று சில யார் நீளத்துக்குக் கல் அடுக்கிவிட்டு வருபவருக்கு, அன்றிரவு உணவுக்கூடத்திலே தீவாரோடு ஒரே மேசையில் இடம் இருக்கும்.