உதவும் மனமும் பொறுப்புணர்ச்சியும்

சாலையில் ஒருவர் அடிபட்டு வீழ்ந்து கிடக்கிறார். சுற்றிலும் ஐம்பது பேர் கூடி நிற்கின்றனர். ஆயினும், 108 எண்ணுக்குத் தகவல் கொடுத்தவர் ஒருவருமில்லை. "மக்களிடம் இரக்கம் அற்றுவிட்டது" என்று நாம் பெருமூச்செறிகிறோம். இம்முடிவு சரியானதுதானா?

1968-ஆம் ஆண்டில் டார்லி, லட்டானே என்னும் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நியூயார்க்கில் கல்லூரி மாணவர்களைத் தனித்தனி அறைகளில் அமர்த்தி, இன்டர்காம் கருவி வாயிலாக உரையாடச் செய்தனர். நடுவே, ஒருவர் வலிப்பு கண்டு உதவி கோருவதாக முன்னரே பதிவு செய்த குரல் ஒலித்தது. 'நான் ஒருவனே கேட்கிறேன்' என்று எண்ணியோரில் 85 சதவீதத்தினர், அக்குரல் ஓயுமுன் வெளியே வந்து தெரிவித்தனர். வேறு நால்வரும் கேட்பதாக எண்ணியோரிலோ 31 சதவீதத்தினரே அவ்வாறு செய்தனர். வாளாவிருந்தவர் கல்நெஞ்சர் அல்லர். அவர்களிற் பலருக்குக் கைகள் நடுங்கின, உள்ளங்கைகள் வியர்த்திருந்தன. இரக்கம் இருந்தது, 'இது என் பொறுப்பு' என்னும் உறுதிதான் இல்லை. பலர் இருக்குமிடத்தில் பொறுப்பும் பலராகப் பிரிந்து தேய்ந்து விடுகிறது.

இவ்வுண்மையை நாம் அனுபவத்திலும் கண்டோம். ஓர் ஊரில் வாய்க்கால் தூர் வார "அனைவரும் வருக" என்று தண்டோராப் போடச் செய்தோம். வந்தவர் நால்வரே. ஊராரைக் கடிந்து கொண்டோம். பிழை நம்முடையது என்பது பின்னரே புலனாயிற்று. மறுவாரம் வாய்க்காலை அளந்து, வீட்டுக்கு இத்தனை அடி என முளையடித்து, பெயர் சொல்லி அழைத்தோம். பொழுது சாயுமுன் வேலை முடிந்தது.

விபத்து நேர்ந்த இடத்திலும் இம்முறையே பயன் தரும். "யாராவது உதவுங்கள்" என்று கூவுவதால் பயனில்லை. "நீல சட்டை அணிந்த தம்பி, நீ 108-க்குப் பேசு, அண்ணா, நீங்கள் வண்டிகளை நிறுத்துங்கள்" என்று ஆளைச் சுட்டிக் கூற வேண்டும். வழக்கு, சாட்சி என்னும் அச்சமும் வேண்டுவதில்லை. 2019-இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்துடன் உதவுவோருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. பெயரையும் விலாசத்தையும் கூறுமாறு அவர்களைக் கட்டாயப்படுத்தலாகாது.

ஊர் கூடினால் மட்டும் தேர் நகர்ந்து விடாது. ஒவ்வொருவர் கையிலும் வடம் இருக்க வேண்டும். அவ்வடத்தைக் கையில் எடுத்துக் கொடுப்பதே ஊழியர்களாகிய நம் கடமையாகும்.