ஆல்பமா, பாட்டு மூட்டையா?

காரைக்கால் கோவில்பத்துல இருந்து பேசுறேன். "தமிழ்ல உருப்படியான ஆல்பம் எத்தனை தேறும்?"னு நேயர்கள் கேட்டிருந்தீங்க. என் பதில்: ரொம்பக் கம்மி. ஏன்னு இன்னைக்குச் சொல்றேன். கோபம் வந்தா திட்டுங்க, பரவாயில்ல.

முதல்ல ஆல்பம்னா என்ன? எல்.பி. ரெக்கார்டு ஒரு பக்கத்துல ஏறத்தாழ 20 நிமிஷம்தான் பிடிக்கும். அந்த அளவுக்குள்ள எதை முதல்ல வைக்கிறது, எதுல முடிக்கிறதுன்னு யோசிச்சே ஆகணும். 1973-ல் வந்த பிங்க் ஃப்ளாய்டோட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' கேட்டுப் பாருங்க. ஒரு பாட்டு முடியறதே தெரியாம அடுத்ததுக்குள்ள நுழையும். என் அளவுகோல் இதுதான்: வரிசையை மாத்தினா கெட்டுப்போகணும். கெடலைன்னா அது ஆல்பம் இல்ல, பாட்டு மூட்டை.

நம்ம ஊர்ல கேசட் காலத்துல ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம். எந்தப் பாட்டு எங்கே வரணும்னு கதையும் இயக்குநரும் முடிவு பண்ணுவாங்க. படப்பாட்டு மட்டம்னு சொல்லல. அது இன்னொருத்தர் கதைக்கு வேலை செய்யுது. ஆல்பம் தன் கதையைத் தானே சுமக்கணும்.

இது வெளிநாட்டுச் சரக்குன்னும் நினைக்காதீங்க. எங்க ஊர்க்காரம்மா, காரைக்கால் அம்மையார் பாடின திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களை எடுத்துக்கோங்க. ரெண்டு பதிகம், தலா 11 பாட்டு. ஒண்ணு நட்டபாடைப் பண், இன்னொண்ணு இந்தளம். களம் முழுக்கச் சுடுகாடு. கடைசியில தன்னைக் 'காரைக்கால் பேய்'னு சொல்லிக் கையெழுத்து. இவ்வளவு கச்சிதமான கான்செப்ட் ஆல்பம் எத்தனை மெட்டல் பேண்டு போட்டிருக்கு?

இப்ப அஞ்சு ஆல்பத்துக்குத் தீர்ப்பு. எல்லாம் என் கருத்துதான்.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?', 1986. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை. வி.எஸ். நரசிம்மனோட வயலின் ரெண்டு பேரையும் ஒரே வீட்ல உட்கார வைக்குது. பாலு மகேந்திரா 'வீடு' படத்துக்கு இந்த இசையையே பின்னணியாப் போட்டார். வழக்கமா படத்துக்குத்தான் இசை வரும், இங்கே இசையைத் தேடிப் படம் வந்தது. முழு ஆல்பம். மறுபேச்சே இல்ல.

ஏ.ஆர். ரஹ்மானின் 'வந்தே மாதரம்', 1997. 'தாய் மண்ணே வணக்கம்' மலை மாதிரி நிக்குது. நுஸ்ரத் ஃபதே அலி கானோட பாடின 'குருஸ் ஆஃப் பீஸ்' அழகு. மிச்சம்? ரசத்துல மிதக்கிற கறிவேப்பிலை. ஒதுக்கி வச்சுட்டுக் குடிக்கலாம். மூட்டைதான்.

யோகி பி அண்ட் நட்சத்ரா, 'வல்லவன்', 2006. மலேசியாவுல இருந்து வந்தது. பெரிய ஹிட்டான 'மடை திறந்து', 1980-ல் வந்த 'நிழல்கள்' படப்பாட்டு மேல சாஞ்சு நிக்குது. அதனால பாதி மார்க் ராஜாவுக்குப் போகணும். ஆனா தமிழ் ராப் படத்தோட துணை இல்லாம, தன் காலால நின்ன தைரியத்துக்கு என் சல்யூட்.

எம்.ஐ.ஏ., 'கலா', 2007. முதல் ஆல்பத்துக்கு அப்பா பேர், இதுக்கு அம்மா பேர். அமெரிக்க விசா சிக்கலால நாடு நாடாப் போய்ப் பதிவு பண்ணினது, அந்த அலைச்சலே இதோட கதை. எல்லாரும் 'பேப்பர் ப்ளேன்ஸ்' மட்டும் கேட்டுட்டு நிறுத்திடுறாங்க. அதோட அடித்தளம் 'தி க்ளாஷ்' பேண்டோட பாட்டு. ஆல்பத்தோட உயிர் 'பேர்ட் ஃப்ளூ'ல இருக்கு. உறுமியை 'ஃபோக் ஐட்டம்'னு ஓரமா வைக்காம நடுவுல போட்டு அடிச்சாங்க. இது ஆல்பம்.

அறிவு, ஆஃப்ரோ சேர்ந்து போட்ட 'தெருக்குறள்', 2019. பேர்லயே பாதி அரசியல் வந்துடுச்சு. சொல்லு கூர்மை, ஆனா சில இடங்கள்ல சொல்லு ஓடுற வேகத்துக்கு இசை ஈடு கொடுக்கல. இருந்தாலும் மொத்தமாக் கேட்டா ஒரே மனுஷன் முழுசாப் பேசி முடிச்ச மாதிரி இருக்கு. அதனால ஆல்பம் பக்கம்தான் என் ஓட்டு.

ஏன் இவ்வளவு கறாரா இருக்கேன்? ரீல்ஸ்ல 30 செகண்டு ஹூக் மட்டும் போதும்னு நாம ஆகிட்டோம். கலைஞன் முதல் பாட்டுல நம்மளைக் கூப்பிடுறான். சொல்ல வந்ததை அஞ்சாவது பாட்டுலதான் சொல்வான். அதைக் கேட்க ஆள் இல்லைன்னா, கைக்காசு போட்டு யார் அதைப் பதிவு பண்ணுவா?

அதனால இந்த வாரம் ஒரு வேலை. நான் சொன்னதுல ஒண்ணை எடுங்க. ஷஃபிளை அணைச்சுடுங்க. முதல்ல இருந்து கடைசி வரை கேட்டுட்டு, என் தீர்ப்பு தப்புன்னா ஆதாரத்தோட சண்டைக்கு வாங்க. காத்திருக்கேன்.